ஆடி நீர்

அருவிக்கரையில் எல்லோரும் காய்ந்த தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

காரிலிருந்து இறங்கிய திருமலைக்குமார் முதலில் அதைக் கவனிக்கவில்லை. வெள்ளியூத்துக்கு வந்தால், கார்க் கதவைத் திறந்ததுமே முகத்தில் சாரல் விழ வேண்டும். ஈரப்பாறை வாசமும், எண்ணெய் தேய்த்துவிடுபவர்களின் நல்லெண்ணெய் வாசமும், பரோட்டாக் கல்லின் வாசமும் ஒன்றாகக் கலந்து வர வேண்டும். பரோட்டா வாசம் மட்டும்தான் வந்தது. அவர் அதை இழுத்து மோந்துவிட்டு, மீதியும் வந்துவிடும் என்பது போலக் கொஞ்ச நேரம் நின்றார்.

“ஏங்க, இவங்கல்லாம் எதுக்குத் துவட்டுறாங்க? யாருக்கும் தலை நனையவே இல்லையே” என்றாள் உலகம்மை.

அப்போதுதான் பார்த்தார். படிகளில் இறங்கி வந்த கூட்டம் முழுவதும் தோளில் துண்டோடு இருந்தது. ஒரு பெரியவர் காதுக்குள் விரலை விட்டு, இல்லாத தண்ணீரை உதறினார். ஒரு பெண் கூந்தலை முன்னால் போட்டுத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தாள்; வெயிலில் தூசிதான் பறந்தது. ஆனால் எல்லோர் முகத்திலும், நன்றாகக் குளித்துவிட்டு வந்தவர்களின் தெளிவு இருந்தது. பசியும் இருந்தது. நேராகப் பரோட்டாக் கடைக்குத்தான் போனார்கள்.

மரங்களுக்கு மேலே அருவி விழுந்துகொண்டிருந்தது. வெள்ளையாக, அகலமாக, அவர் நினைவில் இருந்ததைவிட அழகாக. ஒரு காக்கை அதன் நடுவில் நேராகப் பறந்து மறுபக்கம் வந்தது. அதன் இறகில் ஒரு சொட்டு இல்லை.

தென்காசியில் பிறந்தவருக்கு வெள்ளியூத்து என்பது சுற்றுலா இல்லை. சீசன் வந்தால் போகிற இடம், அவ்வளவுதான். பிறகு ஓசூரில் வேலை, தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளர் பதவி, மகள் யாழினியின் படிப்பு, கல்யாணம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. “இந்த சீசனுக்காவது போலாமா?” என்று உலகம்மை கேட்ட வருடங்கள் உண்டு. “பாக்கலாம்” என்று இவர் சொன்ன வருடங்களும் அதே வருடங்கள்தான்.

போன வருடம் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், தன் வீட்டில் சண்டை நின்றுபோயிருப்பதை அவர் கவனித்தார்.

உலகம்மை சண்டைக்காரி. சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் பாத்திரங்கள் பேசும். புதுப் புடவையைக் கவனிக்கவில்லை என்றால் இரண்டு நாளுக்குக் குழம்பில் உப்பு கூடும். இப்போது எதைச் செய்தாலும், செய்யாவிட்டாலும், “பரவாயில்லைங்க” என்று சிரித்தாள். சாப்பாடு ருசியாக இருந்தது. மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தாள். ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு நல்ல மனிதரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள்.

மருத்துவரிடம் காட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். மகளிடம் சொன்னார். “அம்மா முன்னவிட நல்லாத்தானப்பா இருக்காங்க, உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். என் மனைவி என்மேல் கோபப்படுவதே இல்லை என்று ஒருவன் யாரிடம் போய்ப் புகார் சொல்வான்?

அதனால்தான் வெள்ளியூத்து. அவர்களுக்குள் எல்லாம் தொடங்கியது இங்கேதான்.

ஆனி மாதம் கல்யாணம். ஆடி பிறந்ததும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு, கடையநல்லூருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மாதம் முடியும் வரை மாப்பிள்ளை கண்ணில் படக் கூடாது. ஆனால் ஆடியில்தானே அருவியில் தண்ணீர் கொட்டும்? திருமலைக்குமார் தன் தங்கை காந்தியைத் தூதுவிட்டு, இரண்டு குடும்பங்களும் ஒரே நாளில் தனித்தனி வேனில் அருவிக்கு வருகிற மாதிரி செய்துவிட்டார். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சுவர். வீட்டுக்கு ஒரு சோப்புதான் கொண்டுவருவார்கள்; ஒரு பக்கம் குளித்து முடித்ததும், ஆளின் பெயரைச் சொல்லிக் கூவி, சுவருக்கு மேலே தூக்கிப் போடுவார்கள். அவரும் கூவினார். “ஏ காந்தி, சோப்பு வேணுமா?” என்று தங்கையின் பெயரைச் சொல்லி, உலகம்மை நிற்கிற பக்கமாக எறிந்தார். சோப்பில் நகத்தால் ‘உ’ என்று கீறியிருந்தார்.

காலையில் காரில் வரும்போது இதை அவர் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். உலகம்மை ஜன்னலிலிருந்து திரும்பி, மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

“அப்படியா? சோப்பா? எனக்கு ஞாபகம் இல்லையேங்க” என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தார்.

“வாங்க அத்தான்! இந்த ஊருக்கு வழி தெரிஞ்சுதா?”

படியில் இறங்கி வந்தவள் செண்பகா, உலகம்மையின் சித்தி மகள். கோயம்புத்தூரில் பொறியியல் படித்து, வெளிநாட்டில் மூளை பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவள். அருவியை ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு இப்போது அவள்தான் எல்லாம்.

“அக்காவ மட்டும் அனுப்பிட்டு நீங்க ஓசூர்லயே வேர் விட்டுட்டியன்னு நெனச்சேன். என்னக்கா, எளைச்சிட்ட?”

“நல்லாத்தான் இருக்கேன் செண்பகா” என்று உலகம்மை சிரித்தாள். செண்பகா அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தது போல அவருக்குப் பட்டது.

“தண்ணி எங்க செண்பகா?” என்று கேட்டார்.

“தண்ணி நின்னு எம்புட்டோ வருசம் ஆச்சு. மேல மழை இல்லன்னு சொல்ல முடியாது அத்தான், பெய்யுது. ஒரு சீசன் மழை ஒரே ராத்திரியில கொட்டிட்டு ஓடிருது. பிடிச்சு வைக்க மேல மண்ணும் மரமும் வேணும்லா? வெறும் பாறைதான் கெடக்கு.”

“அப்ப அது?” என்று மேலே காட்டினார்.

“அது வெளிச்சம். சத்தத்துக்கு ஸ்பீக்கர்.”

“வெளிச்சத்தப் பாக்கவா இந்தக் கூட்டம்?”

“வெளிச்சத்துக்கு எவன் வருவான்? உள்ள போனா நெத்தியில ஒரு பட்டை கட்டுவோம். தண்ணி இருந்த காலத்துல இதே அருவியில நெசமா குளிச்ச ஒருத்தரு இருப்பாகல்லா, அவுகளோட குளியல் உங்களுக்கு வரும். அந்தக் குளிரு, அந்த மூச்சு முட்டுறது, அப்ப அவுக மனசுல என்ன ஓடிச்சோ அது, எல்லாம். நாங்க அதை நீர்னு சொல்லுவோம். பள்ளிக்கூட நீர் இருக்கு, மழை நீர் இருக்கு. கூட்டம் எல்லாம் ஆடி நீருக்குத்தான்.”

“ஆம்பளைங்களுக்கு வேற நீரா?”

“ஆம்பளைங்ககிட்டயும் எடுத்துப் பாத்தோம் அத்தான். அருவிக்குக் கீழ நிக்கான், மனசு முழுக்க அடுத்துத் திங்கப் போற பரோட்டாவும் சால்னாவும். வர்றவனுக்குப் பசிதான் எடுத்துச்சு. அதனால ரெண்டு பக்கமும் பொம்பளைங்க நீர்தான்.”

உலகம்மை வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். நடுவிலிருந்த சுவர் மட்டும் அப்படியே இருந்தது. வெறும் வெளிச்சத்துக்குச் சுவர் எதற்கு என்று கேட்டதற்கு, சுவர் இல்லாவிட்டால் இது வெள்ளியூத்து மாதிரியே இல்லை என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள் என்றாள் செண்பகா.

“சரி, எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் எங்க எடுக்கணும்?”

“அக்காவுக்கு இங்க எப்பவும் டிக்கெட் கெடையாது” என்றவள், உடனே பேச்சை மாற்றினாள். “அக்கா எதுக்கு இந்தக் கூட்டத்துல? எங்கூட வா, காப்பி குடிப்போம். அத்தான் வேணும்னா போயிட்டு வரட்டும். இன்னைக்கு மழை நீர் போடச் சொல்லட்டா அத்தான்? அதுதான் நல்லாருக்கும்.”

“ஆடி நீருக்குத்தான இவ்வளவு கூட்டம்னு சொன்ன? அதையே பாக்குறேன்.”

செண்பகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வரிசையில் நின்றவர்கள் ‘ஆடி நீர்தான, ஆடி நீர்தான’ என்று வாசலில் நின்ற ஆளைப் படுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அக்காவின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

பட்டை லேசாக இருந்தது. திருமலைக்குமார் மற்ற ஆண்களோடு பாறையில் ஏறி நின்றார். காலுக்குக் கீழே பாறை வெயிலில் சுட்டது. பாசி பிடித்து வழுக்குகிற இடம் என்று அவர் பயந்து பயந்து ஏறிய பாறை. இப்போது அதில் பாசியின் கறுப்புத் தடம் மட்டும் இருந்தது.

பிறகு தண்ணீர் விழுந்தது.

மூச்சு நின்றுவிட்டது. உச்சந்தலையில் இடி. கழுத்தில், தோளில், முதுகில். இதுதான், இதேதான் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதே நேரத்தில் இது தன் உடம்பு இல்லை என்பதும் தெரிந்தது. நனைந்த சேலை கனத்தது. கழுத்தில் புதுக் கயிறு. அதன் மஞ்சள் கரைந்து மார்பில் வழிகிறது, தண்ணீர் அதைக் கழுவக் கழுவ இன்னும் வழிகிறது. பக்கத்தில் அத்தைமார்களின் கூச்சல். “நடுவுல நில்லுளா, தல வலி போவும்!” ஆனால் இவள் நடுவில் நிற்க மாட்டாள். சுவரோரமாகத்தான் நிற்பாள். சுவரில் கை வைத்திருக்கிறாள். கல் நடுங்குகிறது. அந்தப் பக்கம் அவர் இருக்கிறார். இந்தக் கல்லின் அந்தப் பக்கம்.

குளிரைவிட அந்தக் காத்திருப்புதான் பெரிதாக இருந்தது. எப்போது, எப்போது என்று உடம்பு முழுவதும் துடித்தது.

“ஏ காந்தி! சோப்பு வேணுமா?”

உடைந்த, இளைய ஒரு ஆண் குரல். இந்த விடலை யார் என்றுதான் திருமலைக்குமார் முதலில் நினைத்தார். சோப்பு சுவரைத் தாண்டி வந்து, அவள் காலடியில் விழுந்து வழுக்கியது. அவள் குனிந்து அதைப் பிடித்தாள். ஈரத்தில் பாதி கரைந்த எழுத்து. உ.

“யாருளா அது, சோப்புக்கும் பிள்ளையார் சுழி போட்டிருக்கான்?” என்று ஒரு அத்தை சிரித்தாள்.

அவள் சோப்பை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்குள் எழுந்தது எதுவோ, அதைத் திருமலைக்குமார் தன் வாழ்க்கையில் எந்தக் கணத்திலும் உணர்ந்ததில்லை. காதல் என்று சொன்னால் சின்னதாகப் போய்விடும். என்னைக் கண்டுபிடித்துவிட்டார், இனி எல்லா நாளும் இப்படித்தான், எத்தனை சுவர் இருந்தாலும் இந்த மனிதர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார் என்ற நம்பிக்கை. சந்தேகத்தின் நிழல்கூட விழாத நம்பிக்கை. கிளம்பும்போது சுவர் முடிகிற இடத்தில் அவள் எட்டிப் பார்த்தாள். கண்ணில் சோப்புப் போய் ஒல்லியாக ஒருவன் நடுங்கிக்கொண்டு நின்றான். அவன் முகம் மட்டும் கலங்கலாக அழிக்கப்பட்டிருந்தது.

தண்ணீர் நின்றது. பாறை சுட்டது.

சுற்றிலும் ஆண்கள் துண்டால் தலையைத் துவட்டினார்கள். அவரும் துவட்டினார். கை தானாக அதைச் செய்தது.

“என் வீட்டுக்காரியும் என்னைய எப்பவாது இப்படிப் பாத்திருப்பாளாய்யா?” என்று ஒரு பருத்த மனிதர் பொதுவாகக் கேட்டார்.

“பாத்திருப்பா. நீங்க அப்ப பரோட்டாவப் பாத்திருப்பிய” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பக்கத்தில் நின்ற ஒரு வாலிபன் பட்டையைக் கழற்ற மனமில்லாமல் நின்றான். “நான் வருசா வருசம் இவளுக்காகத்தான் சார் வாரேன். யாரு, எந்த ஊருன்னு சொல்ல மாட்டேங்காங்க. இவள மாதிரி ஒரு பொண்ணு கெடைச்சாத்தான் கல்யாணம்னு வீட்டுல சொல்லிட்டேன்.”

திருமலைக்குமாருக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

செண்பகாவின் அறை அருவிக்குப் பின்னால், பழைய உடை மாற்றும் கட்டடத்தில் இருந்தது. சுவர் நிறையத் திரைகள். அவர் கதவைத் தட்டாமல் உள்ளே போனார்.

“அது உலகு.”

அவள் மறுக்கவில்லை. “கண்டுபிடிக்க மாட்டியன்னு நெனச்சேன். அக்காவ மறந்தாலும் சோப்ப நல்லா ஞாபகம் வச்சிருக்கிய.”

“அவகிட்டருந்து திருடிட்டியா?”

“சத்தம் போடாதிய அத்தான். அக்கா வெளியதான் உக்காந்திருக்கா. காப்பி குடிக்கா.” அவள் நாற்காலியை நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை. “திருடல. கேட்டு எடுத்தேன்.”

“எப்ப?”

“என் மவன் காதுகுத்துக்கு அக்கா வந்திருந்தால்லா? நீங்க வரல. உங்களுக்கு வேலை. அப்ப இந்த ஊரு பாதி காலியாயிட்டு. கடை எல்லாம் பூட்டிட்டுத் திருப்பூருக்குப் போயிட்டிருந்தாங்க. ஞாபகத்த எடுக்குற இந்தக் கருவிய வச்சிக்கிட்டு நான் ஊருல எல்லார்கிட்டயும் கேட்டு எடுத்துப் பாத்தேன். குளிரு இருக்கு, சந்தோசம் இருக்கு. ஆனா வெளிய வந்ததும் யாருக்கும் மனசுல நிக்கல. அக்கா சும்மா, வெளாட்டா, என்னோடதையும் பாருட்டின்னு உக்காந்தா. எடுக்காம, ஒரு நிமிசம்தான் பாத்தேன். கருவியக் கழத்தி வச்சிட்டு அழுதேன்.”

“ஒரு நகல் எடுத்திருக்கலாமே?”

“இது போட்டோ இல்ல அத்தான். நகல் எடுக்க வராது. இருக்குற எடத்துல இருந்து பேத்துத்தான் எடுக்கணும். எடுத்தா அவளுக்குப் போயிரும். அதைச் சுத்தி முளைச்சது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா காஞ்சிரும். எல்லாத்தையும் அக்காகிட்டச் சொன்னேன். செருப்பு பிஞ்சிரும்னு வைதா.”

அவரை அறியாமல் திருமலைக்குமாரின் முகம் மலர்ந்தது. அது அவருடைய உலகு.

“பெறவு எப்படிச் சரின்னா?”

“அன்னைக்கு சாயங்காலம் நீங்க போன் பண்ணுனிய.”

“நானா?”

“ஞாபகம் இருக்காது. மோட்டார் சுவிட்ச் எங்க இருக்குன்னு கேட்டிய. அக்கா சொன்னா. சரின்னு வச்சிட்டிய. போயி சேந்தியா, சாப்பிட்டியா, ஒரு வார்த்தை இல்ல. அக்கா போனக் கையிலயே வச்சிட்டு வாசல்ல உக்காந்திருந்தா, திரும்பக் கூப்பிடுவியன்னு. பெறவு உள்ள வந்து, எடுத்துக்கோட்டின்னா.”

“ஒரு போனுக்காகவா?”

“ஒரு போனா அத்தான் அது?” அவள் குரல் முதல் முறையாக உயர்ந்தது. பிறகு தணிந்தது. “நானும் கோவத்துல முடிவு பண்ணாதக்கான்னுதான் சொன்னேன். கோவம் இல்லட்டின்னா. ‘அந்த ஒரு நாள மனசுல வச்சிட்டுத்தான் நான் இவுகள நெதமும் அளந்து பாக்கேன். நெதமும் இவுக கொறையுதாக. அது மட்டும் இல்லன்னா, இந்த மனுசன்கூட நிம்மதியா இருந்துட்டுப் போயிருவேன்’னா. இதத்தான் சொன்னா. எடுத்த பெறவு இப்படிச் சொன்னதும் அவளுக்கு மறந்துட்டு. ஊருக்கு ஏதோ குடுத்திருக்கோம்னு மட்டும் தெரியும்.”

வெளியே அடுத்த கூட்டத்தை உள்ளே விடும் மணி அடித்தது.

“நிம்மதியாத்தான இருக்கா?” என்று செண்பகா கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல.

“திருப்பிக் குடு” என்றார்.

“குடுக்க வழி இருந்தா, இந்த ஊரு மறுபடி காலியானாலும் குடுத்திருவேன். இல்ல.”

அப்போது அவள் பார்வை ஒரு திரையில் நின்றது. பெண்கள் பக்கத்துப் பாறையில், வரிசையின் ஓரத்தில், நெற்றியில் பட்டையோடு உலகம்மை நின்றிருந்தாள். காப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். செண்பகா பதறி எழுந்தாள்.

“விடு” என்று திருமலைக்குமார் அவள் கையைப் பிடித்தார். “விடு செண்பகா. பாக்கட்டும். அவளோடதுதான? உள்ள போனா ஒட்டிக்கலாம்ல?”

“ஒட்டாது அத்தான். எல்லாருக்கும் வர்ற மாதிரி வரும். யாரோ ஒருத்தியோடதா வரும்.”

ஆனால் அவர் அதற்குள் கதவைத் தாண்டிவிட்டார்.

பெண்கள் வெளியே வரும் வாசலில் கணவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவரும் போய் நின்றார். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆடி மாதத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபோதுகூட இப்படி அடித்ததா என்று அவருக்கு நினைவில்லை. தன் பக்கத்து ஞாபகத்தில் குளிரும் சோப்பும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமும்தான் இருந்தன.

உலகம்மை வந்தாள். முகம் சிவந்திருந்தது. கண்கள் நிறைந்து, கன்னம் நனைந்திருந்தது. அந்த அருவிக்கரையிலேயே கண்ணீர் ஒன்றுதான் ஈரம். அவரைப் பார்த்ததும் வேகமாக வந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு.

“உலகு” என்றார்.

“ஏங்க, யாருங்க அந்தப் பொண்ணு?” என்றாள் அவள். “பாவிமக, ஒருத்தன் மேல இப்படியா ஆசை வைப்பா? எனக்கே தாங்கலங்க.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். எங்காவது, ஓரத்தில், ஏதாவது.

“அது நீதான் உலகு. அந்தப் பய நாந்தான்.”

உலகம்மை அவரைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஏதோ புரிந்த தெளிவு வந்தது. சிரித்தாள்.

“அதான பாத்தேன். கார்ல சொன்னீங்களே, சோப்பு, காந்தின்னு. எங்கயோ யாரோ சொல்லக் கேட்டுட்டு நம்ம கதைன்னு சொல்லியிருக்கீங்க.” அவர் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். “எனக்குச் சந்தோசமா இருக்கட்டும்னு சொன்னீங்களாக்கும். பரவாயில்லைங்க. நமக்கு அப்படில்லாம் ஒண்ணும் இல்லாட்டி என்ன? சண்டை சச்சரவு இல்லாமத்தான இருக்கோம்?”

அறை வாசலில் செண்பகா நின்றிருந்தாள். கூப்பிட்டால் வந்து சாட்சி சொல்வாள். உலகம்மை நம்பவும் செய்வாள். ஏன் கொடுத்தேன் என்று அடுத்த கேள்வி கேட்பாள். மோட்டார் சுவிட்ச் வரை சொல்ல வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு மனிதரைத் தான் எவ்வளவு நேசித்தோம், எப்படி இழந்தோம் என்பதைத் தகவலாக மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, இதே வீட்டில் இதே மேசையில் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள்.

“ஆமா” என்றார். “யாரோ சொன்னதுதான்.”

“அந்தப் பையன் முகத்த மறைச்சுட்டாங்க பாத்தீங்களா? ஆனா நல்லவனாத்தான் இருப்பான். அந்தக் குரல் போதுமே.” அவள் திரும்பி அருவியைப் பார்த்தாள். “அவளக் கட்டுனதுக்கு அப்புறம் அவள நல்லா வச்சிருந்திருப்பான்லங்க?”

பின்னால் யாரோ துண்டை உதறினார்கள்.

“வச்சிருந்திருப்பான்” என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு மணி அடித்தது. உலகம்மை ஒரு கணம் தயங்கினாள். கேட்கக் கூச்சப்படும் சின்னப் பெண் போல முந்தானையை விரலில் சுற்றினாள்.

“நான் இன்னொரு வாட்டி போயிட்டு வரட்டுமாங்க? உங்களுக்குப் பசிச்சா நீங்க சாப்பிட்டுட்டு இருங்க.”

“போயிட்டு வா.”

முழங்கால் வலி என்று வீட்டுப் படிகளில் சுவரைப் பிடித்து ஏறுகிறவள், அருவிப் படிகளில் கிட்டத்தட்ட ஓடினாள். பாதியில் நின்று, நெற்றியில் விழுந்த நரைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். சேலை மடிப்பை நீவிவிட்டாள். பிறகு வரிசையில் சேர்ந்து, சுவரோரமாக இடம் கேட்டு வாங்கி நின்றாள்.

திரும்பிப் பார்ப்பாள் என்று திருமலைக்குமார் கீழேயே நின்றார். அந்தப் பக்கம் ஒருவன் காத்திருக்கும்போது அவள் எதற்குத் திரும்பிப் பார்க்கப்போகிறாள்?